சுவரோடு ஒட்டிய நாற்காலி

ஆனந்தவல்லியின் மகன் விஜயபாண்டி முதன்முதலாகக் காலேஜுக்குக் கிளம்பிப் போன அன்று திங்கட்கிழமை. ஆனி மாதத்து மலைக்காற்று இராஜபாளையத்துக்குள் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த பாண்டிதுரையின் சைக்கிள் ஸ்டாண்டுத் தகரக் கூரையைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சைக்கிள் ஸ்டாண்டு என்பது பழைய பெயர். உள்ளே நிற்பதெல்லாம் மோட்டார் வண்டிகள்தான். காலையில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போவார்கள்.

செட்டியார்பட்டியிலிருந்து பழைய எக்ஸெல் வண்டியில் வந்த விஜயபாண்டி, வாசலில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்தான். புதுச்சட்டை. தோளில் புதுப் பை. நெற்றியில் அவன் அம்மா பூசிவிட்ட திருநீறு வேர்வையில் பாதி கரைந்திருந்தது.

"வண்டிய எங்க போட, சித்தப்பா?"

பாண்டிதுரைக்குக் கையில் இருந்த டோக்கன் கட்டு நழுவப் பார்த்தது. பதினோரு வருஷமாக அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் அவரிடம் ஒரு சொல் பேசியதில்லை. பேச வேண்டிய நியாயமும் இல்லை. இவன் அப்பா மலைச்சாமியை மம்பட்டியால் வெட்டிக் கொன்றது பாண்டிதுரைதான்.

"எங்கயாச்சும் போடு" என்றார்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். உள்ளே நிழலில் எவ்வளவோ இடம் கிடந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, பாண்டிதுரை உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே, வெயிலில், வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டான். டோக்கனை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணைத் தாழ்த்தி, நாற்காலியின் காலுக்கடியில் பார்த்துக்கொண்டே வாங்கினான். பிறகு ரோட்டைக் கடந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

பஸ் மறைந்ததும் பாண்டிதுரை எழுந்து அந்த வண்டியை மூன்று சுற்று சுற்றினார். குனிந்து அடியில் பார்த்தார். ஸீட்டைத் தட்டினார். பக்கத்து டீக்கடை ஹமீது இதையெல்லாம் பார்த்துக்கொண்டே டீ ஆற்றினார்.

"என்ன அண்ணாச்சி, வெலைக்கு வாங்கப் போறீயளா?"

"பாய், பஸ் ஸ்டாண்டைச் சுத்தி எத்தனை ஸ்டாண்டு இருக்கு?"

"மூணு இருக்கு."

"மூணு இருக்கையில, மலைச்சாமி மவன் எதுக்கு இங்க வாரான்?"

ஹமீது டீயை ஆற்றுவதை நிறுத்தினார்.

மலைச்சாமி பாண்டிதுரைக்குப் பெரியப்பா மகன். அண்ணன் முறை. இரண்டு குடும்பத்துக்கும் பொதுவில் ஒரு கிணறு. ஒரு நாள் இவர் முறை, ஒரு நாள் அவர் முறை என்று மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒரு கோடையில் கிணறு அடிமண் தெரிய வற்றியது. முறை மாறி யார் மோட்டார் போட்டது என்று பேச்சு வந்தது. பேச்சு அப்பன் பாட்டன் வரைக்கும் போனது. பாண்டிதுரை கையில் மம்பட்டி இருந்தது. மம்பட்டி என்னமோ தன்னாலே போய் விழுந்ததுபோல் அவருடைய வக்கீல் கோர்ட்டில் பேசினார். அதைக் கேட்டுத்தான் தண்டனையும் குறைந்தது. ஆனால் மம்பட்டி தன்னாலே போகாது என்பது பாண்டிதுரைக்குத் தெரியும்.

பாளையங்கோட்டை ஜெயிலில் ஏழு வருஷம். வெளியே வந்தபோது செட்டியார்பட்டிக்குள் காலை வைக்கவில்லை. வெட்டினவன் வெட்டுப்பட்டவனுடைய ஊரில் குடியிருப்பதில்லை. அது அந்தப் பக்கத்து வழக்கம். மனைவி பரிபூரணம் அதற்குள் இராஜபாளையத்தில் ஒரு மருந்துத்துணிக் கம்பெனியில், ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி மடிக்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். மகள் ஈஸ்வரி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பங்கு நிலத்தை விற்று இந்த ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்தார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. செத்தவன் வீட்டில் ஆண்பிள்ளை இருந்தால், அவனுக்கு மீசை முளைக்கிறவரை இரண்டு தரப்பும் பொறுத்திருக்கும். மலைச்சாமி சாகும்போது விஜயபாண்டிக்கு ஏழு வயது. அதனால் ஸ்டாண்டு எடுத்த முதல் நாளே பாண்டிதுரை தன்னுடைய நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். முதுகுப் பக்கம் காற்றுகூட வர இடம் வைக்கவில்லை. நாற்காலிக்கு அடியில், பரிபூரணம் கொண்டுவந்த கழிவு மருந்துத்துணியில் சுற்றி, ஒரு அருவாள் வைத்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு வண்டி துடைக்கிற துணிச்சுருள் மாதிரி இருக்கும். அது என்னவென்று தன் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது மீசை முளைத்துவிட்டது. முளைத்தவன் தினமும் அவர் முன்னால் வந்து வண்டியை நிறுத்துகிறான்.

முதல் வருஷம் இப்படியே போனது. காலையில் வருவான். "சித்தப்பா, டோக்கன்." அவ்வளவுதான். சாயங்காலம் வருவான், டோக்கனைக் கொடுப்பான், வண்டியை எடுப்பான். மழை பெய்தாலும் அதே இடம். பாண்டிதுரை ஒரு தரம், வேண்டுமென்றே அந்த இடத்தில் இரண்டு புல்லட்டுகளை நிறுத்தி அடைத்து வைத்தார். அவன் அந்த இரண்டையும் மெதுவாக நகர்த்திவிட்டுத் தன் எக்ஸெல்லைப் போட்டான்.

"வேவு பாக்கான் பாய்" என்றார் ஹமீதிடம். "நான் எப்ப வாரேன், எப்ப சாப்பிடப் போறேன், எந்தப் பக்கம் திரும்பி உக்காருதேன், அம்புட்டும் பாத்து வச்சுக்கிடுதான்."

"காலேஜுல படிக்கிற பையன் அண்ணாச்சி. வெட்டுறதுன்னா படிக்க எதுக்குப் போகணும்?"

"அங்கதான் சூட்சுமம் இருக்கு. படிக்காதவன் அருவாளைத் தூக்கிட்டு நேரா வருவான். வாரது தெரியும். படிச்சவன் எப்படி வருவான்னு யாருக்குத் தெரியும்? ஒரு லாரி தட்டிட்டுப் போகும். டீயில ஏதாச்சும் விழும்."

"எங் கடை டீயிலயா? அதுல புதுசா வேற விழணுமாக்கும்!"

சிரிப்பு ஹமீதோடு நின்றுபோனது.

தனியாக இருப்பது நல்லதில்லை என்று பாண்டிதுரை மச்சினன் மகன்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் காலத்தில் ஒரு குரல் கொடுத்தால் இருபது பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். எதற்கு என்றுகூடக் கேட்க மாட்டார்கள், வழியில்தான் கேட்பார்கள். இப்போது வந்தது ஒருவன். அவனும் வண்டியை விட்டு இறங்காமலே பேசினான்.

"மாமா, கோச்சுக்காதீய. நான் ஃபைனல் இயர். தம்பி போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிக்கிட்டிருக்கான். இன்னொருத்தன் துபாய்க்குப் பாஸ்போர்ட் போட்டிருக்கான். ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தாப் போதும், மூணு பேரு சோலியும் முடிஞ்சது."

"ஏலே, உங்க மாமனை ஒருத்தன் வெட்ட வந்தா வேடிக்கையா பாப்பிய?"

"போன் போடுங்க மாமா, உடனே வாரேன். வந்து வீடியோ எடுத்து வைக்கேன். கேஸுக்கு ஆகும்."

அவன் போன பிறகு பாண்டிதுரை வெகுநேரம் யோசித்தார். இவன்களை எல்லாம் ஆனந்தவல்லி தன் பக்கம் இழுத்துவிட்டாள் என்ற முடிவுக்குத்தான் அவரால் வர முடிந்தது. பயலுகளுக்கு வேறு ஏதோ ஒன்றின் மேல் ஆசை வந்துவிட்டது, அதனால்தான் வரவில்லை என்பது அவருக்கு எட்டவில்லை. ஊரில் முன்னைப்போலத் திருவிழாவுக்குத் திருவிழா மண்டை உடைவதில்லையே என்று டீக்கடையில் யாராவது பேசினால், "பதுங்குதானுவ" என்பார்.

ஈஸ்வரி பிளஸ் டூ முடித்தபோது விஜயபாண்டி மூன்றாம் வருஷத்துக்குப் போயிருந்தான். அவளுக்கும் அதே காலேஜில் இடம் கிடைத்தது. பாண்டிதுரை ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"அவன் போற பஸ்ஸுல நீ போகக் கூடாது."

"அவன் எனக்கு அண்ணன் முறைப்பா."

"முறை இருக்கட்டும். எனக்கு ஆம்பளப் பிள்ளை கெடையாது. எங்கிட்ட இருந்து எடுக்கணும்னா உன்னையத்தான் எடுப்பான்."

"எடுக்கணும்னா பஸ்ஸுல வச்சா எடுப்பான்? கண்டக்டர் டிக்கெட் கேப்பாரே!"

"சிரிக்காதட்டி. உனக்குத் தெரியாது, அந்த ரத்தம்."

"அவன் ரத்தமும் உங்க ரத்தமும் ஒரே ரத்தம்தானப்பா. ஒரு பாட்டன்தான?"

பதில் இல்லாததால் முடிவும் மாறவில்லை. ஈஸ்வரி ஒரு வருஷம் அம்மாவோடு மருந்துத்துணி மடிக்கப் போனாள். அப்பாவிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். யார் புண்ணுக்கோ போகிற துணியை மடித்து மடித்து அவள் விரல் நுனி வெளுத்துப்போய் இருந்ததைப் பாண்டிதுரை சாப்பாடு வாங்கும்போது பார்ப்பார். பார்த்துவிட்டுத் தட்டைப் பார்ப்பார்.

அந்த வருஷம்தான் விஜயபாண்டி முடி வளர்க்க ஆரம்பித்தான். முதலில் தாடி. பிறகு தலைமுடி காதை மறைத்து, பிடரிக்கு இறங்கியது. செட்டியார்பட்டியிலிருந்து காய்கறி ஏற்றி வருகிற ஒரு ஆள் ஸ்டாண்டில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "ஆனந்தவல்லி மவன் என்னமோ வேண்டுதல் வச்சிருக்கானாம்ல. நெனைச்சது முடிஞ்ச பொறவுதான் முடி எடுப்பானாம். அம்மாகாரியே குழாயடியில சொன்னா."

இப்படி வேண்டிக்கொண்டு முடி வளர்த்த ஆட்களைப் பாண்டிதுரை ஜெயிலில் பார்த்திருக்கிறார். காரியம் முடிகிறவரை கத்தி படாது. முடிந்த அன்று குலசாமி கோவிலில் மொட்டை. பிறகு நேராக ஸ்டேஷன்.

மறுநாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மனுக் கொடுத்தார். இவனால் என் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி எழுதவைத்து, கையெழுத்தும் போட்டார். ஏட்டு ராஜரத்தினம் அதை வாங்கி ஒரு தரத்துக்கு இரண்டு தரம் படித்தார்.

"முடி வளத்ததுக்கு மனுவா?"

"முடி இல்லய்யா, வேண்டுதல்."

ஏட்டு விஜயபாண்டியைக் கூப்பிட்டு விசாரித்தார். விசாரித்துவிட்டு, சாயங்காலம் அவரே ஸ்டாண்டுக்கு வந்து, ஹமீது கடை டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"உங்க ஆளு மேத்ஸ் படிக்கான். போன வருசப் பேப்பரு ரெண்டுல அரியர் விழுந்து கெடக்கு. ரெண்டு வாட்டி எழுதியும் ஓடலையாம். பாஸானா இருக்கன்குடியில மொட்டை போடுறேன்னு மாரியம்மன்கிட்டச் சொல்லியிருக்கான். அதுதான் வேண்டுதல்."

ஹமீது சிரித்த சிரிப்பில் பாய்லர் மூடி குலுங்கியது.

"பரீட்சைக்கு எவனாச்சும் முடி வளப்பானா?" என்றார் பாண்டிதுரை.

"நானே வளத்தேன்யா. எஸ்.ஐ. பரீட்சைக்கு ரெண்டு தரம். முடி போனதுதான் மிச்சம்" என்று ஏட்டு தொப்பியைக் கழற்றிக் காட்டினார். "பாண்டிதுரை, முன்னெல்லாம் பொங்கலுக்குப் பொங்கல் எங்களுக்கு வெட்டு, குத்து, கட்டு. இப்ப ஸ்டேஷனுக்கு வாரவன்ல பாதிப்பேரு போன்ல நம்பர் கேட்டான், சொன்னேன், பேங்குல இருந்ததெல்லாம் போச்சுன்னு வாரான். களவாணியும் படிச்சுட்டான். ஆனா வெட்டுறவன் கொறைஞ்சிருக்கான். நீங்க எந்தக் காலத்துல இருக்கீய?"

படித்த களவாணி என்ற சொல்லை மட்டும் பாண்டிதுரை பிடித்துக்கொண்டார். மற்றது காதில் ஏறவில்லை. அரியர் என்பது நல்ல சாக்கு. நாலு பேர் நம்புகிற மாதிரி சாக்கு கண்டுபிடிக்கத்தானே படிக்கிறார்கள். மனுவைத் திரும்ப வாங்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் விஜயபாண்டி ஸ்டாண்டுக்குள் வந்தான். தலை மழமழவென்று மொட்டை. மேலே சந்தனம். பாண்டிதுரை அதைப் பார்த்தார். வேண்டுதல் முடிந்துவிட்டது என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. போனை எடுத்துப் பரிபூரணத்துக்குப் போட்டார்.

"ஏட்டி, நீ உசுரோட இருக்கியா?"

"என்ன கேள்வி இது, பட்டப்பகல்ல!"

"ஈஸ்வரி?"

"இந்தா, எம் பக்கத்துல உக்காந்து துணி மடிக்கா. உங்களுக்கு என்ன, வெயில் தலைக்கேறிருச்சா?"

விஜயபாண்டி ஒரு தொன்னையை நீட்டிக்கொண்டு நின்றான். இருக்கன்குடிப் பொங்கல். "பாஸாயிட்டேன் சித்தப்பா" என்றான். அவர் வாங்கினார். வாங்காமல் இருந்தால் அவன் என்ன நினைப்பானோ என்று பயந்து வாங்கினார். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும், ஸ்டாண்டில் படுத்துக் கிடக்கிற செவலை நாயின் முன்னால் அதைக் கவிழ்த்தார். நாய் நக்கித் தின்றுவிட்டு வண்டி நிழலில் போய்ப் படுத்தது. பாண்டிதுரை சாயங்காலம்வரை அதன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய நாய் எழுந்து, சோம்பல் முறித்து, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று அவர் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டால் எச்சரிக்கை குறைந்துவிடும் என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

படிப்பு முடிந்து விஜயபாண்டி பரீட்சைகளுக்குத் தயார் செய்ய மதுரைக்குப் போனான். எக்ஸெல் நின்ற இடம் காலியானது. அவன் அந்தப் பஸ்ஸில் போகவில்லை என்று உறுதியான பிறகுதான் ஈஸ்வரியைக் காலேஜில் சேர்த்தார். ஒரு வருஷம் பிந்திப் போனாலும் அவள் குறை சொல்லவில்லை. சொல்லாததும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. மதுரையிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பதை அவர் விடவில்லை. எதிரே இருந்தவரை ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரியும். இப்போது அதுவும் தெரியாது.

ஈஸ்வரி கடைசி வருஷம் படிக்கும்போது, ஒரு நாள் காலை பத்து மணி வெயிலில் ஏட்டு ராஜரத்தினம் ஸ்டாண்டுக்கு வந்தார். இந்தத் தரம் டீ கேட்கவில்லை.

"விஜயபாண்டி எஸ்.ஐ. செலக்‌ஷன்ல வந்துட்டான். நடத்தை விசாரணை எங்கிட்டத்தான் வந்திருக்கு."

பாண்டிதுரை எழுந்து நின்றுவிட்டார்.

"வேற கேஸு ஒண்ணும் இல்ல. தெருவுல நல்ல பேரு. ஒண்ணே ஒண்ணு, உங்க மனு நிக்குது. இவனால் என் உயிருக்கு ஆபத்துன்னு. மேல இருந்து அதைக் கேப்பாங்க. நான் என்ன எழுதட்டும்? ஆபத்து இருக்கா, இல்லையா?"

"செத்த நேரம் குடுங்கய்யா."

"ரெண்டு நாள் குடுக்கேன். யோசிச்சுச் சொல்லும். இருக்குன்னா அவன் வேலை அம்புட்டுத்தான்."

இத்தனை வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இப்போது அரசாங்கமே அவரிடம் கேட்டது. இல்லை என்று சொன்னால், அவன் கையில் சர்க்காரே துப்பாக்கியைக் கொடுக்கும். எந்த ரோட்டிலாவது மடக்கி, ஓடப் பார்த்தான், சுட்டேன் என்று எழுதிக்கொள்வான். இருக்கிறது என்று சொன்னால் வேலை போகும். போனது யாரால் என்று அவனுக்குத் தெரியும். அப்பனையும் எடுத்து, வேலையையும் எடுத்தவனை எவன் விடுவான்?

ஹமீது எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "ஆபத்து இருக்குன்னு சொன்னா சும்மா வருவான். இல்லன்னு சொன்னா காக்கி போட்டுக்கிட்டு வருவான். எப்படிப் பாத்தாலும் வருவான்னுதான நெனைக்கீய? அப்ப நல்ல உடுப்போட வரட்டுமே அண்ணாச்சி."

"விளையாடாதீரும் பாய். போறது எங் கழுத்து."

வீட்டில் ஈஸ்வரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தார். பரிபூரணம் சொல்லிவிட்டாள். ஈஸ்வரி கையில் இருந்த தாவணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு வந்து, அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கேன். அடிக்கக் கூடாது. பெரியப்பாவ வெட்டுன அன்னைக்கு, மறுநா உங்களுக்கு என்ன சோலி இருந்துச்சு?"

அவள் அந்தப் பேச்சை வாயில் எடுத்ததே அதுதான் முதல் தடவை. பாண்டிதுரை சுவரைப் பார்த்தார்.

"என்ன சோலி? ஒண்ணும் இல்ல. தண்ணி இல்ல, வெள்ளாமை இல்ல. எட்டாவதுல ஃபெயிலு. அந்த மோட்டார் சுவிட்சை விட்டா எனக்கு என்ன இருந்துச்சு?"

"அவனுக்கு மறுநா சோலி இருக்குப்பா. அதுக்கு மறுநாளும் இருக்கு. அடுத்த மாசம் சென்னையில ட்ரெயினிங். அதைப் போட்டு ஒடச்சீயன்னா, நீங்க அன்னைக்கு நின்ன எடத்துல கொண்டுபோய் அவனை நிறுத்துறீய. நிறுத்திட்டு, பயமா இருக்கு, பயமா இருக்குன்னு சொன்னா எப்படி?"

பரிபூரணம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பாண்டிதுரை மகள் சொன்னதை மனசுக்குள் போட்டுப் புரட்டினார். அதில் ஒரு சொல் இடறியது.

"அடுத்த மாசம் ட்ரெயினிங்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஈஸ்வரி எழுந்தாள். "சொன்னேனேப்பா, எனக்கு அண்ணன் முறைன்னு" என்று சொல்லிவிட்டு மிச்சத் துணியை எடுக்கப் போனாள்.

எத்தனை நாளாகப் பேசிக்கொள்கிறார்கள், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

ஸ்டேஷனுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டார். ராஜரத்தினம் பேனாவைத் திறந்தார்.

"சொல்லும்."

"ஆபத்து இல்ல."

ஏட்டு எழுதினார்.

"இப்போதைக்கு" என்றார் பாண்டிதுரை.

"யோவ், இப்போதைக்குன்னெல்லாம் எழுத முடியாது. இருக்கா, இல்லையா?"

பாண்டிதுரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ரோட்டில் காலேஜ் பிள்ளைகள் கும்பலாகப் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரையோ வெட்ட ஓடுகிறவர்கள் இவ்வளவு சிரித்துக்கொண்டு ஓட மாட்டார்கள் என்று தோன்றியது. அந்த நினைப்பையும் அவர் முழுசாக நம்பவில்லை.

"இல்லன்னு எழுதிக்கோங்க" என்று கையெழுத்தைப் போட்டார். ஈஸ்வரி சொன்ன நியாயம் பாதி, இவனைக் கெடுத்தால் கட்டாயம் வருவான் என்ற பயம் பாதி. எது கூட, எது குறைச்சல் என்று அவருக்கே தெரியாது.

விஜயபாண்டி சென்னைக்குப் போனான். அங்கிருந்து ஓசூர்ப் பக்கம் வேலை போட்டார்கள் என்று ஹமீதுதான் யார் மூலமாகவோ கேட்டுச் சொன்னார். ஓசூர் எம்புட்டுத் தூரம் என்று பாண்டிதுரை விசாரித்தார். ஒரு ராத்திரிப் பஸ்தூரம் என்றார்கள். நாற்காலியை அப்படியே விட்டுவிட்டார். பெயின்ட் அடிக்க வந்தவன், "செத்த தள்ளிப் போடுங்கய்யா, பின்னால சுவரு அப்படியே நிக்குது" என்றான். "அந்த இடம் இருக்கட்டும்" என்றார். ஸ்டாண்டு முழுக்க நீலம் பூசி, நாற்காலிக்குப் பின்னால் மட்டும் பழைய சுண்ணாம்பு ஒரு முதுகு அகலத்துக்கு மிஞ்சி நின்றது.

ஈஸ்வரிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. ஆண்பிள்ளை பிறந்தான். பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக நாள் பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டார் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள்.

"மடியில வச்சுக்கிட மாமன் யாரு?"

பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஈஸ்வரிக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. பங்காளி வழியில் அண்ணன் என்றால் ஒரே ஒருத்தன்தான். பாண்டிதுரை தொண்டையைச் செருமினார்.

"நானே வச்சுக்கிடுதேன்."

"தாத்தா மடி மாமன் மடி ஆகுமா சம்பந்தி?" என்று சம்பந்தியம்மா சிரித்தாள். "நம்ம பக்கத்துல எங்கயும் கண்டதில்லையே."

"மாமன் இருக்கான் அத்தை" என்றாள் ஈஸ்வரி. அப்பாவைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, முற்பகலில், ஸ்டாண்டில் கூட்டம் ஓய்ந்திருந்த நேரம். செவலை நாய் போய்ச் சேர்ந்து அதன் குட்டி ஒன்று அதே நிழலில் கிடந்தது. ஹமீது கடையில் அவர் மகன் அஃப்சல் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். பாண்டிதுரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் போன் துடித்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பர் என்றால் அவர் எடுக்க மாட்டார். இது கூப்பிடவில்லை, எழுதியிருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"சித்தப்பா, நான் விஜயபாண்டி எழுதுறேன். ஈஸ்வரி போன் பண்ணினா. உங்களுக்கு இது தெரியணும்னு சொல்லுறேன். காலேஜுக்குப் போன மொத நாள் அம்மா எங்கிட்ட, மூணு ஸ்டாண்டு இருந்தாலும் நீ அவிய ஸ்டாண்டுலயே வண்டியப் போடுன்னு சொல்லி விட்டா. எதிராளி மவன் வளந்துட்டான், அவனையும் மிச்சம் வைக்கக் கூடாதுன்னு அவியளுக்குத் தோணுச்சுன்னா, நமக்குத் தெரியாம இருக்கக் கூடாது, அவிய கண்ணு முன்னாலயே போ, கண்ணு முன்னாலயே வான்னு சொன்னா. மூணு வருசமும் பயந்துக்கிட்டேதான் உங்ககிட்ட டோக்கன் வாங்குனேன். உங்க மூஞ்சியப் பாத்ததே இல்ல, நாற்காலிக்கு அடியிலதான் பாத்துக்கிட்டிருப்பேன். அங்க மருந்துத்துணியில சுத்தி ஒண்ணு வச்சிருந்தீயளே, அது இன்னும் இருக்கா? இருந்தா எடுத்துருங்க. எடுத்துட்டு ஒரு வார்த்தை எழுதுங்க. லீவு சொல்லிட்டு வாரேன். மருமவனுக்கு நான் மடி தாரேன்."